சுருக்கத்துக்குச் சேர்த்து

பாகப்பிரிவினையில்
ஓவர்லாக் பன்னிரண்டும் ஜெனரேட்டரும் பெரியவருக்கு.
ஃபிளாட்லாக் எட்டும் போர்வெல்லும் நானும் சின்னவருக்கு.
நாச்சாத்தாள் அந்தப் பக்கம் போனாள்.
நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்த
செக்கிங் டேபிளின் குறுக்கே
ஹாலோ பிளாக் சுவர் எழுந்தது,
அவசரத்தில், பூசாமல்.
அங்கேரிபாளையம் ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்:
அண்ணன் தம்பி கேஸ், எட்டு வருசம், நாற்பது வாய்தா.

அந்த இரண்டு குடியரசுகள்
எங்கே இருக்கின்றன என்று எனக்கு இன்னமும் தெரியாது.
நடுவில் ஒரு ஆறு ஓடுவது மட்டும் தெரியும்.
சண்டை நடந்த இரண்டு வருசமும்
ஒரு நாட்டுச் சிப்பாய்க்குப் பெரியவர் பனியன் தைத்தார்,
எதிர்நாட்டுச் சிப்பாய்க்கு நாங்கள்.
ஒரே மில் நூல்.
ஒரே சாயப்பட்டறை.
தூத்துக்குடிக்குப் போகும் லாரிகூட ஒன்றுதான்.
லேபிள் மட்டும் வேறு.

நைட் ஷிப்டில் ஒருதரம் யோசித்தேன்:
பனியன் துணியில் ஒரு கண்ணி அறுந்தால்
அது அங்கேயே நிற்காது,
ஏணிமாதிரி அடிவரைக்கும் இறங்கும்.
அப்புறம் யோசிக்கவில்லை. பீஸ் ரேட்.

சண்டை நின்றது. ஆர்டரும் நின்றது.
மூன்று வாரச் சம்பளம் இழுபட்டது.
சமாதானத்தை நான் திட்டியிருக்கிறேன்,
மறைத்து என்ன ஆகப்போகிறது.

பிறகுதான் கொடி வந்தது.
ஆற்றுப்பாலத்தின் இரு முனையிலும்
இரண்டு கொடியும் ஒரே நொடியில் ஏறணுமாம்.
நீள அகலம் ஒரு நூல் பிசகக்கூடாதாம்.
சிவப்பு பெரியவருக்கு, நீலம் எங்களுக்கு.

சாம்பிள் திரும்பி வந்தது.
துவைத்ததில்
ஆறடிச் சிவப்பு அரை இஞ்சு குட்டை.

"அரை இஞ்சுக்கா மறுக்காவும் வெட்டிக்குவாங்க?"
என்றான் பிரமோத். ஒடிசாக்காரன்,
எங்கள் தமிழை எங்களிடமே கற்றவன்.
யாரும் சிரிக்கவில்லை.
சுவர் எழும்பியதும்
முக்காலடிப் பாதைக்குத்தான்.

இரண்டு கேட்டுக்கும் நடுவே ராக்கியப்பன் பேக்கரி.
டீ வட்டங்களைத் துடைத்துவிட்டு
அங்கே மேசைகளைச் சேர்த்துப் போட்டு விரித்தோம்,
சிவப்பின்மேல் நீலம்.
நாச்சாத்தாள் ஒரு முனை, நான் ஒரு முனை.
காதோரம் நரைத்திருந்தாள்.
"டேப்ப இழுத்துப் புடி அம்மிணி" என்றாள்.
அவ்வளவுதான் பேச்சு.

நீலத்தைக் குறைத்துவிடலாம் என்றார்
அவர்கள் கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன்.
கத்தரி பட விடமாட்டேன் என்று குதித்தார் எங்கள் குப்புராஜ்.
நீலம் எந்த நாட்டுக் கொடி என்று
அவருக்கும் தெரியாது.
பெரியவர் அந்தக் கேட்டில் நின்றார்,
சின்னவர் இந்தக் கேட்டில்.
இருவருமே செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீ வந்தது. இன்னொரு டீ வந்தது.
கடைசியில் சென்னியப்பன்தான்
காதில் சொருகிய சாக்பீஸை எடுத்தார்.
"எதையும் வெட்ட வேண்டாமுங்க.
இதென்னமோ இந்தச் சாயம் கொஞ்சம் சாஸ்தியாச் சுருங்குது.
சுருங்குறதுக்கு முன்னாடியே
அரை இஞ்சு சேத்துப் போட்டறோணும்."

குப்புராஜ் ஒன்றும் சொல்லவில்லை.
துணி வழுக்காமல் இருக்க
தன் கத்தரியை எடுத்து
சிவப்பின் ஓரத்தில் பாரமாக வைத்தார்.

ஒரே கண்டெய்னரில் போயிற்று.
டிவியில் பத்து நொடி காட்டினார்கள்.
தலைவர்கள் கைகொடுத்ததை நாங்கள் பார்க்கவில்லை,
ஓரம் அடித்த தையலைப் பார்த்தோம்.
காற்றில் ஒரு கொடி கம்பத்தைச் சுற்றிக்கொண்டது.
ஒரு சிப்பாய் எக்கி அதை அவிழ்த்துவிட்டான்.
எந்த நாட்டுக்காரன் என்று சட்டை சொல்லும்.
உள்ளே எங்கள் பனியன்,
இல்லாவிட்டால் நாச்சாத்தாளுடையது.

அடுத்த வாய்தா ஆடிப்பெருக்கு கழிந்து.
சுவர் அப்படியே நிற்கிறது.
பேக்கரியில் இரண்டு கம்பெனிக்கும்
தனித்தனிக் கணக்கு நோட்டு.
அன்றைக்குக் குடித்த பதினாறு டீயை
ராக்கியப்பன்
இன்னும் எதிலும் எழுதவில்லை.